பாலம் வரட்டும் – பாட்டாளியைக் கேட்டு வரட்டும்!

வருகிறதாம் பாலம்! தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடலுக்கு மேலே, தூண் நட்டு, கர்டர் பூட்டி, சாலை போட்டு, தண்டவாளம் பதித்து, பாரதத்தையும் இலங்கையையும் ஒன்றாக்கப் போகிறார்களாம்!

கேட்க இனிக்கிறது. ஆனால் தோழர்களே, இந்தப் பாலம் வருவதாகக் கேட்பது இது முதல் தடவை அல்ல. 2002ஆம் ஆண்டு, இலங்கையின் பிரதமராக இருந்த ரணில் விக்கிரமசிங்க, பாலம் கட்டுவோம் என்றார். 2015ஆம் ஆண்டு டிசம்பரில், மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, திட்டத்தின் மதிப்பு 24,000 கோடி ரூபாய் என்றார். ஆசிய வளர்ச்சி வங்கி பணம் தரத் தயார் என்றார். இலங்கைத் தரப்போ, அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று மறுத்தது. 2023ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள், அதே ரணில், அதிபராக டில்லிக்கு வந்து, தரைவழி இணைப்புக்குச் சாத்தியம் உண்டா என்று ஆராய்வோம் என்ற அறிக்கையில் பிரதமர் மோடியோடு சேர்ந்து நின்றார்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேச்சிலே பாலம் நிற்கிறது. பேச்சு முடிந்த இடத்திலே கடல் நிற்கிறது!

“பாலம் இராமேசுவரத்திலே, பட்டறை அம்பத்தூரிலே. நமக்கு எதற்கு இந்தப் பேச்சு?” என்று கேட்கலாம், காலை ஷிப்டுக்குக் கிளம்பும் தோழன். ஆவடியிலே பஸ்ஸுக்கு நிற்கும் தம்பி கேட்கலாம், பூந்தமல்லியிலே டீ ஆற்றும் அண்ணன் கேட்கலாம். கேட்கட்டும், கேட்பதுதான் நியாயம். கேள்வி கேட்பதற்குத்தான் இந்த இயக்கம் நமக்குக் கற்றுக் கொடுத்தது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் இந்தத் தலையங்கம்.

கடல்மேல் பாலம் போடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே அதிக நீளம். 145 கண்கள். நடுவிலே, கப்பல் வந்தால் இரண்டு இறக்கைகளாக மேலே எழும்பி வழிவிடும் ஒரு பகுதி. அந்த இறக்கைகளை எழுப்பியது எது? மின்சாரமா? மந்திரமா? இல்லை! தொழிலாளியின் கை! நெம்புகோலைப் பிடித்து, நெஞ்சு முட்டத் தள்ளித் தள்ளி, ஆட்கள் திறந்தார்கள் அந்தப் பாலத்தை, நூறாண்டு காலம்.

அந்தப் பாலத்தின் துணையோடு ஓடியது போட் மெயில். எழும்பூரிலே ஏறினால் தனுஷ்கோடி, தனுஷ்கோடியிலே கப்பல், தலைமன்னாரிலே மறுபடியும் ரயில், அதிலே ஏறினால் கொழும்பு. இராமேசுவரம் போகும் ரயிலுக்கு அந்தப் பெயரை இன்றைக்கும் சொல்லுகிறார்கள். போட் போய்விட்டது, மெயில் மட்டும் மிச்சம்!

ஏன் போயிற்று போட்? 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு கடல் எழுந்தது. தனுஷ்கோடி என்ற ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த பாசஞ்சர் ரயில், நூற்றுக்கு மேற்பட்டோரோடு கடலுக்குள் போயிற்று; ஒருவரும் மீளவில்லை. பாம்பன் பாலத்தின் 145 கண்களில் பெரும்பாலானவற்றின் கர்டர்களைக் கடல் பிய்த்துக்கொண்டு போயிற்று.

ஆறு மாதம் ஆகும் சீரமைக்க என்றார்கள். ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பிலே வேலை நடந்தது. 46 நாளிலே ரயில் ஓடியது! எப்படி ஓடியது? புதுக் கர்டர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. கடலுக்குள்ளே கிடந்த பழைய கர்டர்களைத் தேடித் தூக்கினார்கள். அவை எங்கே கிடக்கின்றன என்பதைக் கண்டு சொன்னவர்கள் யார்? படித்த பட்டதாரிகளா? பாம்பன் கடலைப் படித்த மீனவர்கள்! பொறியாளரின் மூளையும், மீனவனின் கண்ணும், கலாசியின் தோளும் கூடியபோது, ஆறு மாத வேலை 46 நாளிலே முடிந்தது. இதை மறந்துவிடாதீர்கள், தோழர்களே. பின்னாலே இந்தக் கதை நமக்குத் தேவைப்படும்.

பிறகு 1988ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சாலைப் பாலம் திறந்தது. அரித்துப்போன பழைய ரயில் பாலத்திலே 2022ஆம் ஆண்டு டிசம்பரில் ரயில் நின்றது. புதிய பாலத்தை 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பிரதமர் திறந்து வைத்தார். 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, இன்றைக்கு மின்சார மோட்டாரால் 17 மீட்டர் உயரத்துக்கு நேரே மேலே எழும்புகிறது. உப்புக்காற்று அரிக்காதபடி துருப்பிடிக்காத கம்பியும் தனி வண்ணப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். 550 கோடி ரூபாய் அளவுக்குச் செலவு.

அந்தப் புதுப் பாலத்தையும் ஒருவர் குறை சொன்னார். எதிர்க்கட்சிக்காரர் அல்ல, ரயில்வே பாதுகாப்பு ஆணையர்! 2024ஆம் ஆண்டு நவம்பரில், திட்டமிட்ட முறையிலே கோளாறு என்றார். பற்றவைப்பைப் பற்றிக் கேட்டார். தூக்குப் பகுதியிலே 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதே என்றார். ரயில்வே விளக்கம் சொன்னது. கேள்வி கேட்டதாலே பாலம் விழுந்துவிடவில்லை. இரண்டு கிலோமீட்டர் பாலத்துக்கே இத்தனை கேள்வி உண்டு என்றால், 30 கிலோமீட்டர் பாலத்துக்கு எத்தனை கேள்வி இருக்க வேண்டும்! அந்தக் கேள்விகளைக் கேட்கும் உரிமை, அதிகாரிக்கு மட்டுமா உண்டு? வரி கட்டுகிறவனுக்கு இல்லையா? வலை வீசுகிறவனுக்கு இல்லையா?

இப்போது சொல்லுகிறோம், அம்பத்தூர்த் தோழனுக்கு ஏன் இந்தப் பேச்சு என்பதை.

1964! அந்த ஒரே ஆண்டை எடுத்துப் பாருங்கள். அந்த ஆண்டிலேதான் அம்பத்தூரிலே தொழிற்பேட்டை பிறந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள்தான் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். மலையகத்திலே தேயிலைக்கு உரமாகித் தேய்ந்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும்; 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும்; மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். கூட்டல் கழித்தல் கணக்குப் போல, மனிதரைப் பங்கு போட்டார்கள்! கொத்துக்கடலையைக்கூட அளந்து கொடுக்கும்போது வாங்குகிறவன் முகத்தைப் பார்க்கிறார்கள். இந்தப் பங்கீட்டிலே, பங்கு போடப்பட்டவனை யாரும் பார்க்கவில்லை, கேட்கவில்லை.

போன தலைமுறையிலே மண்டபம் முகாமிலே நின்று, மருந்து தெளிக்கப்பட்டு, கப்பலேறிப் போன கூலித் தமிழனின் பேரப்பிள்ளை, அதே கடல்வழியாக, தலைமன்னாரிலே கப்பலேறி, அகதியைப்போல இராமேசுவரத்திலே இறங்கினான். “தாயகம் திரும்பியோர்” என்று பெயர் சூட்டினோம். பெயர் இனிப்பாக இருந்தது. பிழைப்பு கசப்பாக இருந்தது.

பிறகு 1983! கொழும்பு எரிந்தது. போர் மூண்டது, கப்பல் நின்றது. கப்பல் நின்றதாலே மக்கள் நின்றார்களா? ராத்திரியிலே, கள்ளத்தனமாக, சின்னஞ்சிறு படகிலே, குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு கடலைத் தாண்டினார்கள். மணல் திட்டிலே இறக்கிவிடப்பட்டுத் தண்ணீரில்லாமல் காத்துக் கிடந்தார்கள். அப்படி வந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? வெகுதூரம் போக வேண்டாம். அம்பத்தூரிலிருந்து புழலுக்குப் போ! காவாங்கரை முகாமிலே இருக்கிறார்கள். உன்னோடு பெயின்ட் வேலைக்கு வருகிறவன், உன் பட்டறையிலே தற்காலிகக் கூலிக்கு நிற்கிறவன், அவர்களில் ஒருவனாக இருப்பான். 2021இலே “அகதி முகாம்” என்ற பெயரை மாற்றி, “மறுவாழ்வு முகாம்” என்று தமிழ்நாடு அரசு சொன்னது. அந்த மறுவாழ்வு முழுமை பெற, அவனுக்குத் திரும்பிப் போய்த் தன் வீட்டைப் பார்த்துவிட்டு வர ஒரு வழி வேண்டும். அவன் தாயின் சமாதி அக்கரையிலே இருக்கிறது. அவன் பிள்ளையின் பள்ளிக்கூடம் இக்கரையிலே இருக்கிறது. நடுவே 30 கிலோமீட்டர்! விமானமேறிச் சுற்றிப் போக அவனிடம் பணமில்லை.

பாலம் யாருக்கு என்று கேட்டால், முதல் விடை இதுதான்: அவனுக்கு!

உலகத்தைப் பாருங்கள். சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் நடுவே 1924ஆம் ஆண்டு கல்லும் மண்ணும் கொட்டிக் கரை போட்டார்கள். ஒரு கிலோமீட்டர்தான் தூரம். இன்றைக்கு விடியுமுன்னே, மோட்டார் சைக்கிளிலே, பஸ்ஸிலே, ஆயிரமாயிரமாகத் தொழிலாளர்கள் மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இரவு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். அவர்களிலே நம் தமிழர்களும் உண்டு. இரண்டு நாடு, இரண்டு கொடி, இரண்டு நாணயம். ஆனால் உழைப்பவனுக்கு ஒரே வழி.

தமிழர் வாழும் பினாங்குத் தீவைப் பாருங்கள். 1985ஆம் ஆண்டு அந்தத் தீவுக்கு 13.5 கிலோமீட்டர் பாலம் போட்டார்கள். 2014இலே 24 கிலோமீட்டர் நீளத்திலே இரண்டாம் பாலமும் போட்டார்கள். முதல் பாலத்திலே சுங்கம் உண்டு. ஆனால் 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் மோட்டார் சைக்கிளுக்குச் சுங்கம் இல்லை என்று எடுத்துவிட்டார்கள். ஏன்? மோட்டார் சைக்கிளிலே போகிறவன் தொழிலாளி! கார்க்காரன் கட்டட்டும், கைத்தொழிலாளி போகட்டும் என்றார்கள். நம் ஊர்ச் சுங்கச் சாவடிகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானைப் பாருங்கள். 1955ஆம் ஆண்டு மே மாதம், தீவுக்கும் தீவுக்கும் நடுவே போன கப்பல் ஒன்று மூழ்கி 168 பேர் மாண்டார்கள். பலர் பள்ளிப் பிள்ளைகள். அழுதார்கள், அழுதுவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. தீவுகளிலே தூணூன்றி, ரயிலும் காரும் போகும் பாலத்தை 1988ஆம் ஆண்டு திறந்தார்கள். 1964இலே ஒரு ரயிலையே கடலுக்குக் கொடுத்தவர்கள் நாம். 30 கிலோமீட்டர் பாலத்துக்கு இன்னும் ஆய்வு, ஆய்வு, ஆய்வு!

டென்மார்க்கும் சுவீடனும் 2000ஆம் ஆண்டிலே செய்ததுதான் நமக்கு மிகவும் பொருந்தும் பாடம். ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பாலம். அப்புறம் 4 கிலோமீட்டர் செயற்கைத் தீவு. அப்புறம் கடலடியிலே 4 கிலோமீட்டர் சுரங்கம். சுரங்கம் எதற்கு? விமானத்துக்கு உயரம் தடையாகக் கூடாது. கப்பலுக்கு வழி அடைபடக் கூடாது. அதோடு, கடல் நீரோட்டம் குறையக் கூடாது என்று விதித்தார்கள். தூணாலே எவ்வளவு நீர் தடைபடுமோ, அவ்வளவு ஆழத்தைக் கடலடியிலே தோண்டி ஈடு செய்தார்கள். பாலமும் வேண்டும், மீனும் வேண்டும் என்றால் வழி இருக்கிறது, மனம் இருந்தால்!

சிங்கப்பூர்க் கரையோ, மண்ணைக் கொட்டி நீரோட்டத்தை அடைத்தது. கப்பல் வழியை மூடியது. ஆகவே முதலில் நாம் சொல்ல வேண்டியது: மண் கொட்டிக் கரை போடாதே! தூண் நட்டுப் பாலம் போடு!

ஏனென்றால் அந்தக் கடலிலே நமக்கு வேறொரு கனவும் இருக்கிறது. சேது சமுத்திரக் கால்வாய்! 1860இலே வெள்ளைக்காரத் தளபதி டெய்லர் எண்ணிய திட்டம். 1955இலே ராமசாமி முதலியார் குழு ஆராய்ந்த திட்டம். 1967ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்து, எழுச்சி நாள் கொண்டாடிக் கேட்ட திட்டம். 2005ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் மதுரையிலே பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். தோண்டும் கப்பல் வந்தது, தோண்டியது, 2007இலே நின்றது. ஏன் நின்றது? அது மணல் திட்டு அல்ல, வானரங்கள் கட்டிய பாலம் என்றார்கள்; அதைத் தொட்டால் மனம் புண்படும் என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. அதே கட்சியின் அமைச்சர், 2022ஆம் ஆண்டு டிசம்பரில் மாநிலங்களவையிலே, அங்கே இருப்பது பாலம்தான் என்று திட்டவட்டமாகச் சொல்வது கடினம் என்றார்! 2023ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், கால்வாய்த் திட்டத்தை நிறைவேற்று என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது.

இப்போது நாம் கேட்கிறோம். கால்வாய் வெட்டினால் புண்படும் மனம், அதே திட்டுகளின்மேல் தூண் நட்டால் புண்படாதா? கப்பல் போனால் பாவம், கார் போனால் புண்ணியமா? மண்வாரி தொட்டால் மாபாதகம், கான்கிரீட் தொட்டால் கைங்கரியமா? நம்பிக்கையைக் கேலி செய்ய இதைக் கேட்கவில்லை. நம்பிக்கையை நாணயம்போல மாற்றி மாற்றிச் செலவழிப்பவர்களைப் பார்த்துக் கேட்கிறோம். பாலம் வேண்டுமென்று இன்று சொல்லுகிறவர்கள், கால்வாய் வேண்டாமென்று நேற்றுச் சொன்ன காரணத்தை முதலில் திரும்பப் பெறட்டும்!

கால்வாயும் பாலமும் பகைவர்கள் அல்ல. பாம்பனிலே தூக்குப் பாலம் இருக்கிறது; ரயிலும் போகிறது, படகும் போகிறது. கப்பல் போகும் இடத்திலே உயர்த்திக் கட்டலாம். அல்லது டென்மார்க்குக்காரன்போலக் கடலடியிலே போகலாம். கப்பல் வழியை நிரந்தரமாக அடைக்கும் பாலம் ஒன்றைக் கட்டிவிட்டு, “இனிமேல் கால்வாய் முடியாது” என்று கையை விரித்தால், அது பாலம் அல்ல. சேது திட்டத்துக்குப் போட்ட பூட்டு!

அடுத்தது, யாரைக் கேட்டுக் கட்டப் போகிறீர்கள் என்ற கேள்வி.

இந்தக் கடலைப் பற்றி டில்லியும் கொழும்பும் எடுத்த முடிவுகள் நமக்கு நினைவிருக்கின்றன. 1974ஆம் ஆண்டு ஜூன் மாதம் கச்சத்தீவு போயிற்று. தமிழ்நாட்டைக் கேட்டார்களா? அந்த ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள், கலைஞர் முதலமைச்சராக இருந்த சட்டமன்றம், கச்சத்தீவு எங்களது என்று தீர்மானம் போட்டது. 1976இலே கடிதம் மாற்றிக்கொண்டு, அங்கே மீன் பிடிக்கும் உரிமையையும் விட்டார்கள். ஒப்பந்தத்திலே கையெழுத்துப் போட்டவனுக்கு அது கோடு. மீனவனுக்கு அது குண்டடி, சிறை, பறிபோன படகு! வரைபடத்திலே வரைந்த கோடு, வலைக்காரன் வயிற்றிலே விழுந்தது.

பாலமும் அப்படி வரக்கூடாது. வரைபடம் டில்லியிலே, வங்கிக் கடன் மணிலாவிலே, கான்ட்ராக்ட் எங்கேயோ, இழப்பு மட்டும் தங்கச்சிமடத்திலே என்றால், ஏற்க முடியாது.

மீனவன் பேச்சை எடுத்ததால், கசப்பான ஓர் உண்மையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நமக்கு நாமே இனிப்புக் கொடுத்துக்கொள்வதற்கு இந்த ஏடு இல்லை. இக்கரை விசைப்படகின் இழுவலை, கடலடியைச் சுரண்டி, அக்கரை மீனவனின் வலையைக் கிழிக்கிறது. அக்கரை மீனவன் யார்? மன்னாரிலே, யாழ்ப்பாணத்திலே, போரிலே வீடிழந்து, படகிழந்து, பிள்ளையிழந்து, மறுபடி ஒரு சிறு வலையோடு கடலுக்கு வந்த தமிழன்! இலங்கை 2017இலே அடிமட்ட இழுவலையைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. நம் மீனவனைச் சுடுவதையும் சிறையிலிடுவதையும் நாம் கண்டிக்கிறோம், என்றைக்கும் கண்டிப்போம். ஆனால், இரு கரைத் தமிழனும் கடலிலே மோதிக்கொண்டிருக்க, அவர்கள் தலைக்கு மேலே முதலாளியின் லாரி பாலத்திலே போனால், அது எந்த இணைப்பு? கண்டெயினரை இணைத்துவிட்டுக் கடலோடியைப் பிரித்த இணைப்பு! இழுவலையை விட்டு ஆழ்கடலுக்குப் போக, நம் மீனவனுக்குக் கடனல்ல, கைகொடுக்கும் உதவி வேண்டும். அந்தப் பேச்சு, பாலப் பேச்சுக்கு முன்னே முடிய வேண்டும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவிலே ஒன்றாக உட்கார்ந்து கஞ்சி குடிக்கும் இரு கரையினரும், ஒப்பந்த மேசையிலும் ஒன்றாக உட்கார முடியும்.

கொழும்பிலும் பாலத்தை எதிர்ப்பவர்கள் உண்டு. பாலம் வந்தால் இந்தியக் கூலிகள் வெள்ளமாக வந்துவிடுவார்கள் என்று அச்சுறுத்துகிறார்கள். தோட்டத்துக்குக் கூலி வேண்டுமென்றபோது கப்பல் கப்பலாக இறக்கியதும், தேயிலை விளைந்த பிறகு துரத்தியதும் வரலாறு. ஆனாலும் சிறிய நாட்டுக்குப் பெரிய பக்கத்து வீட்டைக் கண்டு ஏற்படும் அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். டில்லியின் ஆதிக்கத்தைப் பற்றிப் பேசும் நமக்கு, அந்த அச்சம் புரியாதா? பாலம் திணிக்கப்படக் கூடாது. இலங்கை மக்களின் இசைவு வேண்டும். அதிலும் வடக்கின் இசைவு வேண்டும். வடக்கு மாகாண சபைக்கு 2013இலே தேர்தல் நடந்தது. 2018இலே பதவிக்காலம் முடிந்தது. மன்னாரிலே பாலம் இறங்குமானால், மன்னார் மக்களுக்காகப் பேசும் சபை ஒன்று உயிரோடு இருக்க வேண்டாமா?

“24,000 கோடியைக் கடலிலே கொட்டுவதா? எங்கள் தெருவிலே மழைத்தண்ணீர் போக வழியில்லை, ரயில்வே கேட்டிலே நின்று நின்று ஷிப்டுக்கு லேட்டாகிறது” என்று கேட்கும் தோழன் குரலும் காதிலே விழுகிறது. நியாயமான குரல். தெருவுக்கு வாய்க்காலும் வேண்டும், கேட்டுக்கு மேம்பாலமும் வேண்டும். ஆனால் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கு என்று நம்மிடம் பேரம் பேசுகிறவன் யார்? மும்பையிலே 2024ஆம் ஆண்டு ஜனவரியில் 21.8 கிலோமீட்டர் பாலம் திறந்தார்களே, அப்போது மும்பைத் தெருக்காரனிடம் இந்தப் பேரம் பேசினார்களா? வடக்கே என்றால் வளர்ச்சி, தெற்கே என்றால் செலவா?

அந்தப் பாலத்துக்கு வேண்டிய இரும்பை அறுக்க, பற்றவைக்க, துளையிட, கடைய, யாருக்குத் தெரியும்? அம்பத்தூர்ப் பட்டறைக்காரனுக்குத் தெரியும்! ஆவடியிலே டாங்கி செய்தவனுக்குப் பாலத்தின் மூட்டு செய்யத் தெரியாதா? பெரம்பூரிலே ரயில் பெட்டி செய்தவனுக்குக் கர்டர் செய்யத் தெரியாதா? பூந்தமல்லி நெடுஞ்சாலையிலே மெட்ரோத் தூண்கள் வளர்ந்ததை நாம் கண்ணாலே பார்த்தோம். அதிலே கம்பி கட்டியவர்கள் வடநாட்டுப் பாட்டாளிகள். தகரக் கொட்டகையிலே படுத்து, மேஸ்திரிக்குக் கட்டுப்பட்டு வேலை செய்தார்கள். அவர்களும் நம் இனம்தான், உழைப்பாளி என்ற இனம்! அவர்களுக்கும் நமக்கும் நியாயமான கூலியும் பாதுகாப்பும் இல்லாமல், எந்தப் பாலத்தையும் சாதனை என்று நாம் கொண்டாட மாட்டோம்.

ஆகவே சொல்லுகிறோம், திட்டமாக:

முதலாவது, பாலத்துக்கு முன்னே கப்பல். 2023ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டார்கள்; நின்றது; 2024 ஆகஸ்டிலே மறுபடி ஓடியது; பருவமழை வந்தால் மறுபடி நிற்கிறது. இராமேசுவரம் – தலைமன்னார் கப்பலை விரைந்து தொடங்குவோம் என்று 2024 டிசம்பரில் இரு நாட்டுத் தலைவர்களும் அறிவித்தார்கள். தலைமன்னாருக்கு ரயில் 2015இலேயே மறுபடி வந்துவிட்டது. அக்கரையிலே தண்டவாளம் இருக்கிறது, இக்கரையிலே பாலம் இருக்கிறது, நடுவிலே ஒரு கப்பல் விடுவதற்கு எத்தனை மாநாடு? அந்தக் கப்பலின் டிக்கெட், கூலிக்காரன் கைக்கு எட்டுவதாக இருக்கட்டும்.

இரண்டாவது, ஆய்வறிக்கையைத் தமிழிலே அச்சிட்டு வெளியிடுங்கள். பாம்பனிலும், தங்கச்சிமடத்திலும், மன்னாரிலும் மக்கள் முன்னே வையுங்கள். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் இசைவில்லாமல் ஒரு தூணும் வேண்டாம்.

மூன்றாவது, மண் கொட்டாதீர்கள், நீரோட்டத்தை அடைக்காதீர்கள், கப்பல் வழியை மூடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியக் கடல் பூங்கா. பாக்கு நீரிணையிலே கடற்பசுவுக்கென்று 2022இலே தமிழ்நாடு அரசு 448 சதுர கிலோமீட்டரை ஒதுக்கியிருக்கிறது. இலங்கைப் பக்கத்து மணல் திட்டுகளும் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பவளப்பாறை செத்தால் மீன் சாகும். மீன் செத்தால் மீனவன் சாவான்.

நான்காவது, தொழில் பயின்ற தமிழ்நாட்டு இளைஞனுக்கு வேலையிலே பங்கு. எல்லாத் தொழிலாளிக்கும் காப்பு. ஒப்பந்தக் கூலி என்ற பெயரிலே உறிஞ்சல் கூடாது.

ஐந்தாவது, பஸ்ஸுக்கும் இருசக்கர வண்டிக்கும் சுங்கம் கூடாது. பினாங்கிலே முடிந்தது பாக்கு நீரிணையிலே முடியாதா? முகாமிலே பிறந்தவனுக்குப் போய்வரும் பத்திரம் கொடுங்கள். ஆளில்லாத பாலத்திலே சரக்கு மட்டும் போவதற்கு நாங்கள் கைதட்ட மாட்டோம்.

கிளைக் கழகங்களிலே இதைப் பேசுங்கள், தோழர்களே. படிப்பகத்திலே ஒரு வரைபடத்தை மாட்டுங்கள். தனுஷ்கோடி எங்கே, தலைமன்னார் எங்கே என்று காட்டுங்கள். புழல் முகாமுக்குப் போய், அங்கே இருக்கும் பெரியவரைக் கூட்டத்துக்கு அழைத்து வந்து பேசச் சொல்லுங்கள். நம்மைவிட அவருக்கு அந்தக் கடல் தெரியும். தீர்மானம் நிறைவேற்றுங்கள், தலைமைக்கு அனுப்புங்கள்.

46 நாளிலே பாம்பனை மீட்டபோது, கடலுக்கடியிலே கர்டர் கிடந்த இடத்தை மீனவனைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். கேட்டதாலே வேலை தாமதமாகவில்லை. கேட்டதாலேதான் விரைவாக முடிந்தது. அந்தப் பாடத்தை டில்லி படிக்கட்டும், கொழும்பும் படிக்கட்டும்.

பாலம் வரட்டும். பாட்டாளியைக் கேட்டு வரட்டும்!